ஒரு வரி மேலே

கலிபோர்னியா, 12.3.1979

அப்பாவுக்கு சிவனாண்டி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கம்ப்யூட்டர் டெர்மினலில் எழுதியதைத் திருத்தும் எடிட்டரில், மவுஸ் என்ற சின்னப் பெட்டியை நகர்த்தி, வேண்டாத வரியைச் சுட்டி அழிக்க வழி செய்தேன். என்னை வேலைக்கு வைத்திருக்கும் புரொபசர் தம் கட்டுரையில் சோதித்தார். சுட்டிய வரி நின்றது, மேல்வரி அழிந்தது. கவனிப்பதற்குள் நாற்பது வரி போய்விட்டது.

மவுஸ் வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, நான் ஒன்றிலிருந்து எண்ணிவிட்டேன். "ஏலே, முதல் படிய ஒன்னுன்னு சொல்லாம லாபம்னு சொல்லி அள" என்று நம் கடையில் பழக்கினீர்களே, பூஜ்யத்தில் எந்த வியாபாரி தொடங்குவான்?

திருத்திவிட்டேன். ஆனாலும் மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடைக்கவில்லை.

கருப்பட்டி அனுப்ப வேண்டாம், வந்து சேரும்போது நான் இங்கிருக்க மாட்டேன். அம்மாவிடம் சுகம் என்பதுவரை மட்டும் வாசியுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். கடையில் மறுபடி படி பிடிக்க விடுவீர்களா அப்பா? லாபம் என்றே தொடங்குவேன்.