பதினெட்டா, இருபதா

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பேஸ்பால் முகாமில் சாப்பாடு எப்படி? தோள்பட்டை வலி குறைந்ததா? நீ போன இருபத்து நான்கு நாளில் அப்பாவுக்கு மூன்று முறை போன் செய்தாய். சராசரி எட்டு நாளுக்கு ஒன்று. எனக்கு ஒன்றுகூட இல்லை. சிரிக்காதே, வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். கடைசி ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கோர் மேஜையில் எழுதிக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாயே, அது இன்னும் என்னை விடவில்லை.

இரண்டு பேர் அவுட். நீ வீசிய பந்தை எதிரணிக்காரி அடித்தாள். அது தரையில் ஏதோ கல்லில் பட்டு எகிறி, தடுக்க நின்ற நம் சுருட்டையின் மணிக்கட்டில் மோதி ஓடிவிட்டது. எந்தக் கொம்பனாலும் பிடித்திருக்க முடியாது. எதிரணிக்கு இரண்டு ரன். நானோ ஸ்கோர் புத்தகத்தில் ‘தடுத்தவர் பிழை’ என்று எழுதினேன். அப்படி எழுதினால் அந்த ரன்கள் வீசியவள் தலையில் விழாது. ஐம்பத்து நான்கு இன்னிங்ஸில் உன் பேரில் பதினெட்டு ரன், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி மூன்று. முகாமில் சேர அந்த மூன்றைத் தாண்டக் கூடாது. உண்மையில் இருபது ரன். சராசரி மூன்றே கால் தாண்டிவிடும். மருத்துவமனைப் பதிவறையில் பதினோரு வருஷமாக ஓர் இலக்கம் மாற்றி எழுதாதவள் நான். அன்று எழுதினேன். நீயும் வாய் திறக்கவில்லை. உன் வயதில் நானும் திறந்திருக்க மாட்டேன்.

பிழை அதிகம் என்று சுருட்டையை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் நம் வீட்டுப் பின்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறாள், மணிக்கட்டில் கட்டோடு. முடித்ததும் ஜன்னலோரம் வந்து, “ஆன்ட்டி, இன்னைக்கு இருநூறுல ஒம்பது விட்டுட்டேன். நேத்தைவிட இது பரவால்லையா, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்களேன்” என்று கேட்கிறாள். நானும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். என்ன ஜென்மம் நான்!

தேர்வுக் குழுவுக்கு உண்மையை எழுதி, இந்த உறையிலேயே வைத்து, அனுப்புவதா வேண்டாமா என்று உன்னையே முடிவு செய்யச் சொல்லலாமென்று முதலில் நினைத்தேன். என் பிழையை இன்னொருத்தி தலையில் எழுதியது ஒரு தடவை போதாதா? காலையில் நானே தபாலில் சேர்த்துவிட்டேன். சுருட்டை வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவள் அம்மா கதவைச் சாத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் சுவரில் பந்துச் சத்தம் கேட்கவில்லை.

குழு உன்னைத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடாதே.

உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. எனக்கு ஒரே ஒரு போன் செய், திட்டுவதற்காகவாவது.

இப்படிக்கு,
ஸ்கோர் மேஜையில் இனி உட்காராத
உன் அம்மா