நாலு கருந்துளைக்கு நடுவில் ஒரு கிரகம்

நீ இறந்து ஒரு வருஷம். மாதா கோயிலில் உன் வருஷப் பூசைக்கு வந்தவர்கள் ஏழு பேர். உன் அண்ணன், அண்ணி, மகன், மருமகள், பாடகர் குழுவில் இருவர், நான். பூசை முடிந்து உன் வீட்டில் காப்பி குடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் காய்ந்திருந்த மொட்டைமாடியின் ஈரவாசனை கீழே இறங்கிவந்தது. அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் சொன்னார்: "பாவம், ஒண்ணும் தெரியாத பொம்பள. அடுப்படி, கோயில், அவ்ளோதான்."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்றும் தெரியாதவளா நீ?

முன்பொரு நாள் அதே மாடியில், இப்படியொரு மழையில், தேங்கிய தண்ணீரில் பாட்டில் தக்கை ஒன்றை விட்டாய். தண்ணீர் வடிய அங்கே நாலு ஓட்டைகள். "தக்கைதான் கிரகம். ஓட்டைங்க கருந்துளை. எதுல விழுது பாப்போம்." நனைந்தபடி நின்றோம். சுற்றிச் சுற்றி வந்து ஓர் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டது.

"செத்துச்சுடி உன் கிரகம்!" என்று சிரித்தேன்.

"இருடி. இங்க தண்ணி இழுத்துக்கினு போவுது. அங்க ஏது தண்ணி? கருந்துளை இன்னா சாக்கடைக் குழாயா, உறிஞ்சறதுக்கு? சூரியன் மாதிரி அதுவும் கனத்தாலதான் இழுக்குது. தள்ளி நின்னு சுத்தலாம்ல?"

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் படித்து நீயே யோசித்தது அது. சரிதான் என்று பிறகு நூலகத்தில் பார்த்துக்கொண்டேன்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் நடந்த வானியல் கூட்டத்தில் எழுந்து கேட்டாய்: "ஒண்ணுன்னா சரி சார். நாலு இருந்தா, நடுவுல மாட்டுன கிரகம் பிழைக்குமா?" பேச வந்தவர் சிரித்தார். "அம்மா சீரியல் நிறைய பாப்பாங்க போல. நாலு மாமியாருக்கு நடுவுல ஒரு மருமகளா?" அரங்கமே சிரித்தது. நீ உட்காரவில்லை. பதில் வரும் என்று நின்றாய். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் கேட்டாய்: "சிரிச்சாரே, பதில் சொன்னாராடி?"

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் கோபம் கூடியது.

நீ போன பிறகு, படித்ததையெல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தேன். ஒரு கருந்துளையோடு ஒட்டினாற்போல் சுற்றினால் கிரகம் பிழைக்கலாம். எல்லாவற்றையும் வெகுதூரத்திலிருந்து வளைத்துச் சுற்றினாலும் பிழைக்கலாம். நடுவில் மாட்டியதை விழுங்குவதைவிட வெளியே வீசிவிடுவதுதான் அதிகமாம். வீசப்பட்டது வெளிச்சமில்லாமல் தனியாகப் போய்க்கொண்டே இருக்குமாம். அது பிழைத்ததில் சேர்த்தியா? எனக்கு அங்கேதான் நிற்கிறது. நீ இருந்தால் சண்டை போட்டிருப்போம்.

பூசையன்று, காப்பியைக் கீழே வைத்த கையோடு, இதையெல்லாம் உன் அண்ணனிடம் சொன்னேன். "இந்த வயசுல இது எதுக்கும்மா?" என்றார்.

"ஆண்டவர் உண்டாக்குனதத் தெரிஞ்சிக்க வயசு இன்னாங்க?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சாளருக்குக் கடிதம் எழுதினேன். உன் பெயரை முதலில் போட்டு, உன் கேள்வியை எழுதினேன். அவர் சிரித்ததையும் விடவில்லை. கடைசி வரி இது: "ஐயா, பதிலுக்காக அவர் உட்காராமல் நின்றார். இப்போது நான் நிற்கிறேன். விரைவில் பதில் எழுதவும்."