மரத்தாயின் மேல் ஒரு கை

அன்புள்ள ஜாங்ஷெங்குக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன். நீயும் மருமகளும் குழந்தையும் சுகந்தானே? ஹார்பினில் இன்னும் பனி கரையவில்லை என்று டிவியில் காட்டினார்கள், குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் எங்கே வாயைத் திறப்பது.

முதலில் உன் மரத்தாய் சேதி. முன்னோர் கல்லறைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டு வந்த மறுநாள் வன அலுவலகத்திலிருந்து மாவ் என்று ஒரு மர வைத்தியர், சின்னப் பெண்தான், ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். ஆற்றங்கரைக் கற்பூர மரத்தில் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த பெரிய கிளை உள்ளே உளுத்துப்போய்விட்டது, புயல் காலத்துக்கு முன் வெட்டி எடுத்தால் மரம் இன்னும் நூறு வருஷம் நிற்கும், விட்டால் நடுமரமே பிளந்துவிடும் என்றாள். ஊர் வழக்கம்தான் தெரியுமே, மரத்தாய்க்குத் தத்துக் கொடுத்த பிள்ளைகள் சம்மதிக்காமல் அவள் மேல் கத்தி படக்கூடாது, வெட்டும்போது ஒரு பிள்ளையாவது அடிமரத்தில் கை வைத்து நிற்க வேண்டும். இருக்கிற ஏழு பேரில் ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். நீ மட்டும் அப்பா சொல்கிறபடி செய்யுங்கள் என்று ஊர்த் தலைவரிடம் சொல்லி போனை வைத்துவிட்டாயாம். நல்ல பிள்ளை! மூன்று வயசில் ஜுரம் கண்டு நீ கண்ணே திறக்காமல் கிடந்தபோது உன்னை அவளுக்கு மகனாகக் கொடுத்து, கற்பூர மரத்தின் பிள்ளை என்று அவள் பெயரையே உனக்கு வைத்து, ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் சோறும் பன்றிக்கறியும் உனக்கு முன்னால் அவளுக்குப் படைத்தவள் நான். எனக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, அது கிடக்கட்டும்.

அப்பா சொல்கிறபடி என்றாயே, அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? காலையில் டீயோடு அந்தப் பழைய ஞானிகளின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்டுடு, அது தன் போக்குல போகட்டும், மனுஷன் கை வெச்சாத்தான் கெடும் என்கிறார். கூரை ஒழுகினால் மட்டும் ஏணி வைத்து ஏறுறீங்களே, அது யார் போக்கு என்று கேட்டேன். புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

இனி அந்த மீதி. போன மாதம் ஸ்கேன் எடுத்ததில் உன் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆரம்பம்தான், இப்போதே அறுத்து எடுத்தால் பயமில்லை, தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். உனக்குத் தெரியக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், அதைத்தான் மீறி எழுதுகிறேன், பாவம் என் தலையிலேயே இருக்கட்டும். இதற்கும் அவரிடம் அதே பாட்டுத்தான். மனுஷனும் மரமும் ஒரே மூச்சில் உண்டானவைதானே, இலை மாதிரி நானும் உதிர்ந்துட்டுப் போறேன் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வெளியே ஞானம், உள்ளே பயம். நாற்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? புத்தகம் பத்து நாளாக ஒரே பக்கத்தில் திறந்து கிடக்கிறது, சாப்பாடு அரைக் கிண்ணத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஜாங்ஷெங்.

நேற்று மாவ் மறுபடி வந்தாள். மரத்தடியில் ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்க அப்பாவே சொன்னார், என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஆனா தாய்க்கு நோய் வந்தா பார்க்க வேண்டியது பிள்ளைங்க கடமை, பழையவங்க அதையும் சொல்லித்தான் வெச்சிருக்காங்க, அவ மகன் வெட்டுன்னா நான் குறுக்கே நிக்க மாட்டேன் என்று. நான் விடுவேனா? அவளுக்கு அவன் மகன்னா உங்களுக்கு அவன் யாருங்க என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மனுஷர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, அவனுக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

மரத்துக்கு மே பத்தாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பதினோராம் தேதிக்கு நான் இடம் வாங்கிவிட்டேன், அவருக்கு இன்னும் தெரியாது. நீ கிளம்பி வா. மழைக்காலம், நல்ல குடையாகக் கொண்டு வா. குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நீங்கள் இருவரும் ஒற்றுமையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பத்தாம் தேதி ஒரு கையை உன் மரத்தாய் மேல் வை, மறு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள். மறுநாள் காலை வரை விடாதே.

இப்படிக்கு,
உன் இன்னொரு அம்மா,
ஷியூஜூ