மேலடுக்குக் கற்கள்

தஞ்சாவூர்
8.1.2024

அன்புள்ள பரிதிக்கு,

பெட்டி வந்தது. உள்ளே வழக்கம்போல் இரண்டே வரி. சண்டை போட்டுப் பிரிந்து வந்தவளுக்கு அரியலூர்ச் சுண்ணாம்புக் குவாரியில் கல் பொறுக்கி அனுப்புகிற மனிதர், நாலு வரி எழுதினால் என்ன?

ஆய்வு முடிந்துவிட்டது. கல்லாகிப்போன கடல்முள்ளெலியின் ஓட்டில் முட்டை வெளியேறிய துளைகள் இருக்குமே, பாறையின் பழைய கீழடுக்கில் அவை சிறியவை. சின்ன முட்டை, அதில் பொரிந்த லார்வாக் குஞ்சு கடலில் அலைந்து தானே இரை தேடியிருக்கும். நீங்கள் அனுப்பிய மேலடுக்குக் கற்களில் துளை பெரியது, அப்படியானால் முட்டையும் பெரியது. தாயே முட்டைக்குள் தீனி வைத்து அனுப்பத் தொடங்கிவிட்டாள். இந்த மாற்றத்தைத்தான் இத்தனை நாள் தேடினேன்.

ஆய்வேட்டைக் கொடுத்ததும் வாருங்கள். இங்கேயே சேர்ந்து இருப்போம்.

மதிவதனி

அரியலூர்
15.1.2024

அன்பு மதி,

உன் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூட வேலை பார்க்கும் ஜெய்னுலாபுதீன், "எல்லாரும் அல்வா வாங்கிக் குடுப்பாங்க, நீங்க கல்லக் குடுத்தே வீட்டுக்காரம்மாவச் சரிக்கட்டிட்டீங்களே சார்!" என்று சிரிக்கிறார்.

வெறும் கல்லா அனுப்பினேன்? மேலடுக்கில் சுண்ணாம்பு மண் கெட்டியாய் ஒட்டியிருக்கும். உனக்கு அழுக்கோடு அனுப்ப மனம் வராமல் ஒவ்வொன்றையும் ஆசிட்டில் ஊறப்போட்டுத் தேய்த்தேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

உன் பரிதி

தஞ்சாவூர்
19.1.2024

பரிதி,

எல்லாவற்றையுமா? முள்ளெலியின் ஓடும் சுண்ணாம்புதான். மண்ணைத் தின்ற ஆசிட் துளையையும் தின்றிருக்கிறது. பெரிதாக இருந்த சந்தோஷத்தில் நான் விளிம்பைப் பார்க்கவில்லை. நேற்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், எல்லாம் கரைந்து மழுங்கியிருக்கிறது.

கழுவாத கல் ஒன்றாவது இருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

மதிவதனி

அரியலூர்
24.1.2024

மதி,

ஒன்றுகூட இல்லை. குவாரியில் அந்தப் பக்கத்தை வெடிவைத்துத் தள்ளியாயிற்று. பள்ளம் முழுக்கத் தண்ணீர்.

கோபப்படாமல் கேள். உன் ஆய்வு கைடுக்கே சந்தேகம் வரவில்லை. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது? கொடுத்துவிடு. நான் வேலையை விட்டுவிட்டேன். பிப்ரவரி நாலு, ஞாயிறு வருகிறேன்.

உன் பரிதி

தஞ்சாவூர்
29.1.2024

பரிதிக்கு,

கைடிடம் சொல்லிவிட்டேன். "பேசாம இருந்திருக்கலாமேம்மா" என்றார் அவரும். மேலடுக்கு இல்லாமல் ஆய்வேடு இல்லை. என் பதிவுக்காலமும் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஆசிட் ஊற்றியது தெரியாமல் செய்தது. அதில் எனக்குக் கோபமில்லை. வெறுங்கையால்தான் தேய்த்திருப்பீர்கள் என்று நினைத்து அழக்கூடச் செய்தேன். ஆனால் தெரிந்த பிறகு ஒன்று எழுதினீர்களே, அதை நான் மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்தால் தினமும் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற வேண்டாம். வேலையைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

மதிவதனி