பதினோரு வீட்டுக்காரர்கள்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் அதே சிவப்பு வரி. 'சாவி தவறு' என்கிறது கம்ப்யூட்டர். சாவி என்றால் நான் பதிலில் கேட்கிற சொல், அது தவறில்லை. என் கண்ணால் பார்க்கிறேன், பதிலின் நடுவில் 'யூஆர்எல்' என்று வலைத்தள முகவரி பளிச்சென்று நிற்கிறது. அதைக் கொடு என்றுதானே கேட்கிறேன்? கொடுத்தால் என்ன?

வேலை கேட்பதற்குச் சுலபம்தான். ஆரணியைச் சுற்றிச் சேலை விற்கிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள், சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறவர்கள் என்று நாற்பது பேர் கொண்ட பட்டியல். போன மாதம் நான்தான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சேர்த்தேன். அந்த நாற்பது பேரையும் நான் எழுதும் புரோகிராம் ஒவ்வொருவராக இணையத்தில் தேட வேண்டும். வருகிற பதிலில் முதலாவதாக இருக்கும் வலைத்தள முகவரியை எடுத்து அவரவர் பெயருக்கு நேராக எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு முகவரி கேட்டால் நானூறு வரி வருகிறது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று.

இருபதாம் தேதி சென்னையிலிருந்து சுபத்ரா மேடம் வீடியோவில் பார்ப்பார். பட்டியல் கேட்டிருப்பது அவருடைய கம்பெனி. அவர் சரி என்றால் எங்கள் முதலாளி லோகநாதன் சார் என்னை நிரந்தரமாக்குவார். இல்லையென்றால் மூன்று மாதப் பயிற்சியோடு நான் கடைசியாக ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அம்மா தயாராக இருக்கிறாள். செய்யாறு பக்கத்துச் செருப்புக் கம்பெனி ஃபாரம் ஒன்றை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். "ஊட்டாண்டயே வண்டி வருது, பி.எஃப். புடிக்கிறான். உனக்கு இன்னாடி கொறச்சலு?" என்கிறாள். குறைச்சல் ஒன்றுமில்லை. எனக்கு இந்த வேலைதான் பிடித்திருக்கிறது. இதை அவளிடம் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

ஜூன் 4, புதன்

ஜோபினிடம் கேட்டேன். என்னைவிட ஆறு மாதம் சீனியர், நடப்பதெல்லாம் ஆறு வருஷம் சீனியர் மாதிரி. திரையை இரண்டு நொடி பார்த்தான். "பெட்டிக்குள்ள பெட்டி, கனி" என்றான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பெரிய உதவி.

ஜூன் 6, வெள்ளி

செருப்புக் கம்பெனிக்குப் போகிறேன் என்று நான் சொல்லாமலே அம்மா என் ஃபாரத்தை நிரப்பக் கிளம்பிவிட்டாள். தேவிகாபுரத்தில் அந்தக் கம்பெனிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். பெயர், வயது, படிப்பு வரை ஒழுங்காகப் போயிருக்கிறது. பிறகு அந்தப் பையன், பெண்ணின் அப்பா பெயர் என்ன என்று கேட்டிருக்கிறான்.

அம்மா அப்பாவின் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலும் சொன்னதில்லை, ஓட்டுப் போடும் இடத்திலும் சொன்னதில்லை. ஆதார் நகலாவது காட்டியிருப்பாள், அது என் கைப்பையில் ஆரணிக்கு வந்துவிட்டது. அப்படியும் அவள் விடவில்லை. அவனுக்கு வழி சொல்லியிருக்கிறாள். "எங்க ஊரு எல்லையில ஒரு கோயிலு இருக்குதுப்பா. உள்ள போனா வரிசையா குதிரைங்க நிக்கும். மொத குதிரை மேல அருவா புடிச்சிகினு ஒருத்தரு குந்தினுகிறாரு பாரு, அவரு பேருதான்."

பையன் வெளியூர்க்காரன். முனீஸ்வரன் என்று எழுதிக்கொண்டான். அப்பா பெயர் வீரன்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது அப்பா இதைக் கேட்டுவிட்டு, பரவாயில்லை, பதவி உயர்வுதான் என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சோற்றில் கை நின்றுவிட்டது. ஊர், கோயில், வரிசை, முதல் குதிரை, மேலே இருக்கிறவர். அம்மா உள்ளே போகச் சொல்லியிருக்கிறாள். நான் மூன்று நாளாக ஊர் எல்லையில் நின்றுகொண்டு குதிரைமேல் இருப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

ஜூன் 7, சனி

முதலில் 'வெப்பேஜஸ்' என்ற பெட்டி. அதற்குள் 'வேல்யூ'. அது பெட்டி இல்லை, வரிசை. வரிசையில் எத்தனையாவது ஆள் என்று எண் சொல்ல வேண்டும். அந்த ஆளிடம்தான் 'யூஆர்எல்' கேட்க வேண்டும்.

கொடுத்துவிட்டது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜோபினிடம் சொன்னேன். "அதான் சொன்னேனே" என்றான்.

ஜூன் 9, திங்கள்

ஓட்டிப் பார்த்த முதல் ஐந்து கடைக்கும் எதிர்க்கடை முகவரி வந்திருக்கிறது. வரிசை பூஜ்யத்திலிருந்து தொடங்குமாம்! நான் ஒன்று என்று சொன்னேன், அது இரண்டாவது ஆளைக் கொடுத்திருக்கிறது. இதை அப்படியே அச்சடித்திருந்தால் பெரிய கடைவீதியில் வெட்டுக்குத்தே நடந்திருக்கும்.

ஜூன் 11, புதன்

பதினேழாவது ஆளிடம் வந்து புரோகிராம் விழுந்துவிட்டது. வெம்பாக்கத்தில் ரவிக்கை தைக்கிற ஒருவர், இணையத்தில் அவரைப்பற்றி ஒன்றுமே இல்லை. இல்லையென்றால் வெறும் பெட்டியையாவது அனுப்பலாம் அல்லவா? பெட்டியையே அனுப்பாமல் விட்டுவிடுகிறது. இல்லாத பெட்டிக்குள் கையை விட்டு என் புரோகிராம் குப்புற விழுகிறது.

பெட்டி வந்ததா என்று முதலில் பார், வராவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போ. இந்த இரண்டு வரிக்கு முழு நாள். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிட்டேன், புளித்துப் போயிருந்தது.

ஜூன் 16, திங்கள்

நாற்பதும் ஓடின. ஒரு சிவப்பு வரி இல்லை. வந்த முகவரிகளைத் திறந்து பார்த்தாயா என்று ஜோபின் கேட்டான். எதற்கு? ஓடுகிறதே! வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

எப்படி எழுதுவது இதை.

காலையில் நன்றாகத்தான் தொடங்கியது. திரையில் சுபத்ரா மேடம், நடுவயது, மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். நான் புரோகிராமை ஓட்டினேன். நாற்பது வரிசையும் சரசரவென்று நிரம்பின. லோகநாதன் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் சாய்ந்தால் நல்ல சகுனம்.

மேடம் எட்டாவது வரிசை முகவரியைத் திறந்தார். 'கோபக்காரக் கணவரைச் சமாளிக்க ஏழு வழிகள்.'

பன்னிரண்டாவதைத் திறந்தார். அதே ஏழு வழிகள். இருபத்தொன்றாவது, 'கணவர் குறட்டை விட்டால் என்ன செய்யலாம்?' ஜோபின் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மேடம் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்கும் பத்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "கனிமொழி, யாரும்மா இந்த 'எங்க வீட்டுக்காரர்'? பதினோரு கடை வச்சிருக்காரே."

ஐயோ. போன மாதம் அந்தப் பதினோரு வீட்டிலும் பெண்கள்தான் போனை எடுத்தார்கள். கடைக்குப் பெயர் இல்லை என்றார்கள். உரிமையாளர் யார் என்று கேட்டேன், எங்க வீட்டுக்காரர் என்றார்கள். நான் அப்படியே தட்டச்சு செய்துகொண்டேன்! புரோகிராம் அதையே ஊர் பெயரோடு சேர்த்துத் தேடியிருக்கிறது. பெயர் என்ன என்று மறுபடி கேட்கத் தோன்றவே இல்லை. வேறு ஊர்க்காரி யாராவது கேட்டிருப்பாள். நான் என் அம்மா சின்னம்மாள் பெற்ற பெண். ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்லாவிட்டால் அதில் எனக்கு என்ன அதிசயம்?

இதை மேடத்திடம் சொன்னேன். எங்கள் அம்மாவும் சொல்ல மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மேடம் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போனை எடுத்தது யாரு?"

"அவங்கதான் மேடம்."

"குச்சு கட்றது, ரவிக்கை தைக்கிறது எல்லாம்?"

"அதுவும் அவங்கதான்."

"அப்ப ஓனர் யாரும்மா?"

முப்பதாம் தேதிக்குள் பதினோரு பெயரும் வேண்டும் என்று சொல்லிவிட்டு மேடம் போனார். நிரந்தரம் பற்றி சார் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 21, சனி

இன்னா பண்ணி வெச்சிகிறேன் நானு? பெட்டிக்குள்ள பெட்டியெல்லாம் சரியா தொறந்துட்டு, உள்ள இருந்தது யாருன்னே பாக்கல. ஜோபின் சொன்னான். சொன்னானே! வெட்கமாக இருக்கிறது. அம்மா இன்று ஃபாரத்தில் முனீஸ்வரனை அடித்துவிட்டு என்னையே சரியாக எழுதச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் போன் கண்ணமங்கலத்துக்கு, எட்டாவது வரிசை. சேலைக்குக் குச்சு கட்டுகிறவர். உங்கள் பெயர் என்ன என்றேன். "எம்பேரு எதுக்குங்க? அவரு வந்ததும் பேச சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, வெளியில் யாருக்கும் சொல்லிவிட மாட்டீர்களே என்று கேட்டார். ஊருக்கெல்லாம் சொல்லத்தான் அக்கா கேட்கிறேன் என்றேன். போன் கட்டாகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

ஒன்பது பெயர் சேர்ந்துவிட்டது. வழியை மாற்றிக்கொண்டேன். எடுத்ததும் பெயர் கேட்பதில்லை. முதலில் தொழிலைப்பற்றி நாலு வார்த்தை, பிறகு நான் கனிமொழி, நீங்கள்? இப்படிக் கேட்டால் தன்னாலேயே வந்துவிடுகிறது. முந்தாநாள் போனைக் கட் செய்தவரும் இன்று தானே கூப்பிட்டு, போட்டுக்கொள் என்றார்.

பத்தாவதாக, கண்ணமங்கலம் அம்மா இன்று மூன்றாவது போனில் சொன்னார், மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவது போல. "ராஜம்மாள்ங்க."

இன்னொருவர் மட்டும் கடைசி வரை வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன். வேண்டாம் என்பதும் பதில்தான்.

ஜூன் 30, திங்கள்

இந்த முறை ஓட்டிவிட்டு நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஜோபினையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பெயர் சொன்ன பத்து பேரில் நான்கு பேருக்கு 'இல்லை'. ஆறு பேருக்கு முகவரி வந்தது. எட்டாவது வரிசையைத் திறந்ததும் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். ராஜம்மாள் கட்டிய குச்சு, இருநூறு படம். மயில், மாங்காய், முத்து வைத்தது, மணி வைத்தது. அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாளாம். அம்மா பெயரில் பக்கம் தொடங்கி, கட்டி முடித்த ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறாள். ஒரு பெயர் கிடைக்காமல் இத்தனையும் வெளியில் தெரியாமல் கிடந்திருக்கிறது.

மேடம் இரண்டு வரியில் பதில் அனுப்பினார். சரியாக வந்திருக்கிறது என்றும், அடுத்த பட்டியலையும் இதே பெண்ணிடம் கொடுங்கள் என்றும்.

சார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "நாளையிலேர்ந்து ஹோட்டல் லிஸ்டையும் நீயே பாத்துக்கம்மா. பர்மனென்ட் லெட்டர் ஜோபின் அடிச்சு தருவான்."

ஜூலை 2, புதன்

அம்மாவிடம் லெட்டரைக் கொடுத்தேன். இங்கே வண்டி வருமா என்று கேட்டாள். வராது என்றேன். பி.எஃப். உண்டு என்றதும் வாங்கிப் பார்த்தாள்.

ஜூலை 18, வெள்ளி

மதியம் ராஜம்மாளே போன் செய்தார். முந்தாநாள் மாலை பட்டியலைப் பார்த்துப் பெங்களூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினைந்து பட்டுச் சேலைக்குக் குச்சு வேண்டும், ராஜம்மாள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். போனை எடுத்தது அவர் வீட்டுக்காரர். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

"நான் அங்கியேதாங்க குந்திகினு இருந்தேன், கையில நூலோட. வம்புக்கு சொல்லல அவரு. இருபத்திரண்டு வருசமா 'இந்தா'ன்னுதான் கூப்புடறாரு, அந்த மனுசனுக்கு நெஜமாவே நெனப்பு வரல."

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். போனை வாங்கி அதே நம்பருக்குத் திரும்பப் போட்டாராம். நான்தான் ராஜம்மாள் பேசுகிறேன் என்று சொல்லி ஆர்டரை எழுதிக்கொண்டாராம். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இதைச் சொல்வதற்காகக் கூப்பிடவில்லை என்றார். பட்டியலில் இருப்பது வீட்டுக்காரருடைய நம்பர், அதை எடுத்துவிட வேண்டும். நேற்று கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தனக்கென்று ஒரு போன் வாங்கியிருக்கிறார். புது நம்பரை இரண்டு தடவை சொன்னார், நான் திருப்பிச் சொல்லும் வரை விடவில்லை. எட்டாவது வரிசையைத் திறந்து மாற்றினேன்.