செல்லம்மா மாற்றிச் சொன்ன முடிவு

மாசி, ஞாயிறு. குன்னம்.

அவையோரே, என் மனைவி செல்லம்மா என்னை ஏமாற்றிவிட்டாள்! நூல்களை அவள் படித்துச் சொல்வாள். நான் மேடையில் முழங்குவேன். இருபது ஆண்டு வழக்கம். இன்று பெரம்பலூர் நூற்கண்காட்சியில், போர்க்காலப் புதினம் ஒன்றின் தலைவி, களம் சென்ற கணவனுக்காக இறுதிவரை காத்திருந்தாள் என்று போற்றினேன். முன்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்தாள்.

"அவ எங்கங்க காத்திருந்தா? புள்ளைங்க பசிக்கு வேறொருத்தனக் கட்டிக்கிட்டால்ல!"

பந்தலே சிரித்தது.

வீடு திரும்பிக் கேட்டேன். வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "உள்ளதச் சொன்னா மேடையில அவளத் திட்டுவீங்க. பாவம், பொழைச்சுப் போவட்டும்னு வுட்டேன்."

எழுத்தில் வாழும் ஒருத்திமேல் ஏன் இத்தனை பரிவு? இன்னும் எத்தனை முடிவுகளை மாற்றினாள்? நெஞ்சே, ஐயுற்றது போதும். எழு! அந்நூலை முதற்பக்கத்திலிருந்து நீயே படி, இப்போதே!