கோபுர உச்சியில் எடுத்த படம்

லா சப்பல், பாரிஸ்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கடை முழங்கால் நோ குறைந்துவிட்டதோ?

ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பெடியளோடை பழைய சென்-ஜாக் கோபுரத்தில் முன்னூறு படி ஏறினேன். பயப்படாதேங்கோ, கைபிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்துத்தான் ஏறினேன். என் சந்தேகமெல்லாம் கூடப் படிக்கிற பிரதீஸில்தான். ஏறும்போதே கேட்கிறான்: "குடிப்பியோ? நட்சத்திரம் என்ன?" உச்சியில் எல்லோரும் நகரத்தைப் படமெடுக்க, அவன் என்னை மட்டும் முழு உயரத்துக்கு எடுத்தான். அவனுக்குக் கலியாண வயதில் அக்கா இருக்கிறா.

அம்மா, என்ரை சாதகக் குறிப்பை ஆருக்குக் குடுத்தனீங்கள்? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ.

மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. ஒருத்தனுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்றும் எழுதுங்கோ, தினமும் மிஞ்சுகிறது. ரயிலுக்கு நேரமாகிறது.

அந்தப் படத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். காட்டுவதென்றால் நல்லது ஒன்று அனுப்புகிறேன்.

உங்கடை மகன்,
தர்சிகன்